முள் சொன்ன ரகசியம்

ராயபுரத்தில் மூட்டை தூக்குவோர் கையிலும், திருவொற்றியூர்ப் பட்டறைத் தொழிலாளர் கையிலும் சிராய் ஏறுவது சகஜம். மறுநாள் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சீழ் கட்டுகிறது. ஏன்? இதற்கு விடை தேடித் தந்தவர் மெச்னிகாப் என்ற விஞ்ஞானி.

இலியா மெச்னிகாப் 1845-ம் ஆண்டு கார்கோவ் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அது அன்று ருஷ்யப் பேரரசு. இன்று உக்ரேன் நாடு.

மனைவி மறைவு

1869-ல் லுத்மிலா என்ற பெண்ணை மணந்தார். மணமகள் நோயாளி. நாற்காலியில் உட்கார வைத்துத்தான் மாதாகோவிலுக்குத் தூக்கி வந்தார்கள். அந்த அம்மாளைக் காசநோய் அரித்தது. 1873-ல் காலமானார். மனம் உடைந்த மெச்னிகாப் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். நல்ல வேளையாகப் பிழைத்தார். 1875-ல் ஓல்காவை மணந்தார்.

ரோஜா முள்

1882-ல் இத்தாலியில் மெசினா கடற்கரையில் குடும்பத்துடன் தங்கியிருந்தார். ஒரு நாள் வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டனர். அவர் மட்டும் மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்தார். அதில் இருந்தது நட்சத்திர மீன் குஞ்சு. கண்ணாடி போன்ற உடல். உள்ளே சில உயிரணுக்கள் ஊர்ந்து திரிந்தன. திடீரென்று ஒரு யோசனை தோன்றியது. தோட்டத்து ரோஜா முள்ளைப் பறித்துக் குஞ்சின் உடம்பில் குத்தினார். அன்றிரவு அவருக்குத் தூக்கமே இல்லை. விடிந்ததும் பார்த்தார். திரிந்த அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன!

நம் ரத்தத்து வெள்ளை அணுக்களும் இப்படியே கிருமிகளை வளைத்துத் தின்கின்றன என்று அவர் கூறினார். அந்த அணுக்களே கிருமியைப் பரப்புவதாக நம்பிய வைத்தியர்கள் எதிர்த்தனர். அவர் சளைக்கவில்லை. 1888-ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் சேர்ந்தார். 1908-ல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசு பெற்றார். 1916-ல் மறைந்தார்.

அணுக்கள் கட்டும் சுவர்

லுத்மிலாவைக் கொன்ற காசநோயிலும் இதே கதைதான். நுரையீரலில் கிருமி புகுந்ததும் அணுக்கள் ஊர்ந்து வருகின்றன. ரசாயனப் பொருள்களை வெளியிட்டு மற்ற அணுக்களை அழைக்கின்றன. நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. சில ஒன்றாகக் கலந்து பெரிய அணுக்கள் ஆகின்றன. சுற்றிலும் நார் படிகிறது. மேஸ்திரி யாரும் இல்லை. ஆனாலும் சிறு முடிச்சுப் போல ஒரு சுவர் எழுகிறது. சுவர் நின்றால் கிருமி பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கும். உடல் நலிந்து சுவர் தளர்ந்தால் நோய் தலைதூக்கும்.

அப்போது மருந்து வேண்டும். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் ஆஸ்பத்திரியில் தங்குவதைப் போலவே குணமாகும் என்று 1959-ல் நிரூபித்தது. லுத்மிலாவுக்கு அந்த மருந்து கிடைக்கவில்லை. இன்று அரசு ஆஸ்பத்திரிகளில் அது இலவசம். இருமல் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் தாமதிக்கக் கூடாது.