கலையோடு நாடு கடந்த தளபதி

பிறந்த நாட்டை விட்டுப் பிற நாடு செல்வோர் பல வகையினர். பொருள் தேடிச் செல்வோர் உண்டு. கல்வி தேடிச் செல்வோர் உண்டு. அரசின் சினத்துக்கு அஞ்சிச் செல்வோரும் உண்டு. தாம் கற்ற ஒன்றைப் பிறருக்குக் கற்பிப்பதற்கென்றே கடல் கடந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் கொரிய நாட்டுப் படைத்தலைவர் சோய் ஹாங் ஹி. டேக்வாண்டோ என்னும் தற்காப்புக் கலையின் தந்தை என்று ஒரு சாராரால் போற்றப்பட்டவர். மற்றொரு சாராரால் பெயர்கூடச் சொல்லப்படாமல் ஒதுக்கப்பட்டவர்.

நான் இயற்பியல் மாணவன். போர்க்கலைத் தளபதி ஒருவரின் வாழ்க்கை எனக்கு எதற்கு என்று சங்க அன்பர்கள் கேட்கலாம். மதுரையிலிருந்து இவ்வடபுலத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் ஆண்டிலேயே நான் இங்குள்ள டேக்வாண்டோ வகுப்பில் சேர்ந்தேன். மராத்தியர் ஒருவர், அஸ்ஸாமியர் இருவர், பஞ்சாபியர் நால்வர், தமிழன் ஒருவன். எங்களுக்குள் பொதுமொழி எது என்பதில் தகராறு உண்டு. ஆனால் வகுப்பு தொடங்கிவிட்டால் எல்லோரும் ஒரே குரலில் ஹானா, துல், செட், நெட் என்று கொரிய மொழியில் எண்ணுவோம். எங்கோ கிழக்குக் கடலோரத்தில் வழங்கும் எண்கள் எங்கள் நாவுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன? இக்கேள்விக்கு விடை தேடியபோதுதான் சோயின் வரலாறு எனக்குக் கிட்டியது.

அவர் 1918-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் கொரியாவின் வடகோடியிலுள்ள ஹம்கியோங் மாகாணத்தில் பிறந்தார். அப்போது கொரியா ஜப்பானின் ஆட்சிக்குட்பட்டுக் கிடந்தது. 1910-இல் போன சுதந்திரம் 1945 வரை திரும்பவில்லை. சோய் இளமையில் நோஞ்சான். மெலிந்த அச்சிறுவனுக்கு அழகெழுத்துக் கலை பயிற்றிய ஆசிரியர், உடல் தேறுவதற்காகத் தேக்கியோன் என்னும் பழைய கால்வீச்சுக் கலையையும் சொல்லிக் கொடுத்தார் என்று சோய் பிற்காலத்தில் எழுதினார். வரலாற்றாய்வாளர் சிலர் இதை ஐயுறுகின்றனர். ஐயத்துக்கு இடமில்லாதது அடுத்த பகுதி. மேற்படிப்புக்காக அவர் ஜப்பான் சென்றார். அங்கே கராத்தே பயின்று கறுப்புப் பட்டை பெற்றார். அடிமைப்பட்ட நாட்டின் இளைஞன், ஆண்டவன் நாட்டின் கலையைத்தான் முதலில் முறையாகக் கற்றான்! இந்த முரண் அவரை வாழ்நாள் முழுதும் விட்டு விலகவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் கொரிய மாணவர்களையும் கட்டாயமாகப் படையில் சேர்த்தனர். சோயும் அதற்குத் தப்பவில்லை. பியோங்யாங் நகரில் இருந்தபோது, கிளர்ச்சிக்குத் திட்டமிட்ட கொரியப் படைமாணவர்களோடு சேர்ந்தார் என்று பிடிபட்டுச் சிறை சென்றார். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் விடுதலை பெற்றார். நாடும் விடுதலை பெற்றது. ஆனால் 38-ஆம் அட்சரேகையில் இரண்டாய்ப் பிளந்தது. சோய் தெற்கே சென்று 1946-இல் புதிய படையில் அதிகாரியானார். அவர் பிறந்த ஊரோ வடக்கே நின்றுவிட்டது. நாட்டுக்குள்ளேயே அவர் புலம் பெயர்ந்தவர் ஆனது அப்போதுதான்.

தாம் கற்ற கலையை அவர் தம் வீரர்களுக்குக் கற்பித்தார். கொரியப் போர் ஓய்ந்த 1953-இல் ஜேஜு தீவில் 29-ஆம் காலாட்படைப் பிரிவை நிறுவினார். 1954-இல் அதிபர் சிங்மன் ரீயின் முன்னிலையில் படைவீரர்கள் இக்கலையை நிகழ்த்திக் காட்டினர். நாம் தே ஹி என்ற வீரர் 13 கூரை ஓடுகளை ஒரே குத்தில் உடைத்தார். அதிபர் வியந்து, இது நம் பழைய தேக்கியோன் அன்றோ என்று மகிழ்ந்ததாகச் சொல்வர். மறு ஆண்டு, 1955 ஏப்ரல் 11-ஆம் நாள், டேக்வாண்டோ என்ற பெயர் தெரிந்தெடுக்கப்பட்டது. ‘டே’ என்றால் காலால் உதைத்தல். ‘குவான்’ என்றால் கை முட்டி. ‘டோ’ என்றால் நெறி. பெயரின் ஒலி தேக்கியோனை நினைவூட்டுமாறு அமைந்தது தற்செயல் அன்று. அப்பெயருக்கு வேறு ஆசிரியர்களும் உரிமை கொண்டாடியதுண்டு. ஆயினும் படையின் வலிமையைத் துணையாகக் கொண்டு அதை நாடெங்கும் பரப்பியவர் சோயே.

1961-இல் பார்க் சுங் ஹீ இராணுவப் புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்தார். சோய் முதலில் அதற்கு ஆதரவாகத்தான் நின்றார். ஆனால் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1962-இல் சோய் மலாயாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். படையிலிருந்து ஒருவரை அகற்றுவதற்கு இது நயமான வழி என்று பலர் கருதினர். அனுப்பியவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. தூதராகச் சென்றவர் பெட்டியில் அரசாங்கக் காகிதங்களை மட்டும் கொண்டு செல்லவில்லை. கொரியப் பயிற்சியாளர்களை வரவழைத்தார். கோலாலம்பூரில் கலை வேரூன்றியது. இக்கலையின் பயிற்சித் தொடர்கள் பல அங்கேதான் உருப்பெற்றன.

அந்தத் தொடர்களைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். அடி, தடுப்பு, உதை ஆகியவற்றைக் குறித்த வரிசையில், கற்பனைப் பகைவனை எதிர்கொண்டு தனியே செய்து காட்டுவதே தொடர் என்பது. கராத்தேயிலும் இது உண்டு. 1965-இல் சோய் வெளியிட்ட ஆங்கில நூலில் ஜப்பானியத் தொடர்களும் இடம்பெற்றிருந்தன. அவற்றை மெல்ல நீக்கிவிட்டுக் கொரியத் தொடர்களை அவர் அமைத்தார். முடிவில் ஒரு நாளின் மணிகளுக்கு ஈடாக 24 தொடர்கள் வழங்கின. மனித வாழ்வு காலவெள்ளத்தில் ஒரு நாளுக்கு நிகர் என்பது அவர் கருத்து.

ஒவ்வொரு தொடரின் பெயரிலும், அசைவுகளின் எண்ணிக்கையிலும் கொரியாவின் வரலாறு பொதிந்து கிடக்கிறது. ‘சம் இல்’ என்னும் தொடரில் 33 அசைவுகள்; 1919 மார்ச் முதல் நாள் விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்கள் 33 பேர். ‘சுங் குன்’ தொடரில் 32 அசைவுகள். ஜப்பானியத் தலைவர் இத்தோவைச் சுட்ட ஆன் சுங் குன் 1910-இல் தூக்கிலிடப்பட்டபோது அவருடைய வயதைக் குறிப்பது அது. ‘ஹ்வா ராங்’ தொடரின் 29 அசைவுகள் சோய் நிறுவிய படைப்பிரிவை நினைவூட்டும். கடற்படைத் தளபதி இ சுன் சின் பெயரால் அமைந்த ‘சுங் மூ’ தொடர் இடக்கைத் தாக்குதலோடு முடிகிறது. ஆற்றல் முழுவதையும் காட்டுமுன் போரில் மாண்டுபோன அவருடைய குறையாயுளுக்கு அது அடையாளம். இறுதித் தொடரின் பெயர் ‘தொங் இல்’. ஒன்றுபடுதல் என்பது பொருள். பிளவுண்ட நாட்டின் தீராத ஏக்கம் அது.

எண்ணிப் பாருங்கள், அன்பர்களே! கொரியாவைக் கண்ணால் கண்டிராத ஒரு மலாய் இளைஞனும் ஒரு ஜெர்மன் பெண்ணும் அந்நாட்டுத் தியாகிகளின் வயதையும் எண்ணிக்கையையும் தம் கை கால்களால் மனப்பாடம் செய்கின்றனர். நூலில் எழுதிய வரலாறு அலமாரியில் உறங்கும். உடலில் எழுதிய வரலாறு, பயிற்சி செய்யும்போதெல்லாம் விழித்தெழும்.

இவை தவிர, வலிமைக்கு விஞ்ஞான விளக்கமும் தர அவர் முயன்றார். எதிர்விசை, ஒருமுகப்படுத்தல், சமநிலை, மூச்சடக்கம், நிறை, வேகம் என்று ஆறு கூறுகளை வகுத்தார். இயற்பியல் மாணவன் என்ற முறையில் அவருடைய விளக்கம் அனைத்தையும் நான் ஏற்பதற்கில்லை. ஒரு கையைப் பின்னுக்கு இழுப்பதனால் மறு கைக்கு வலிமை கூடும் என்பதை நியூட்டனின் மூன்றாம் விதி ஒன்றைக் கொண்டே நிறுவிவிட முடியாது. உடலின் சுழற்சியையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் வேகத்தின் மீது அவர் வைத்த நம்பிக்கை சரியானது. நிறை இரு மடங்கானால் இயக்க ஆற்றல் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானாலோ நான்கு மடங்காகும். மெலிந்த உடலினனும் பருத்தவனை வெல்லலாம் என்ற நம்பிக்கைக்கு இயற்கை தந்த ஆதாரம் அது. நோஞ்சானாய்ப் பிறந்தவர் அதைப் பற்றிக்கொண்டதில் வியப்பென்ன?

மலேசியாவிலிருந்து திரும்பிய சோய் 1965-இல் ஒரு குழுவோடு மேற்கு ஜெர்மனி, இத்தாலி, துருக்கி, எகிப்து, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்குச் சென்று கலையை நிகழ்த்திக் காட்டினார். 1966 மார்ச் 22-ஆம் நாள் ஒன்பது நாடுகளைக் கொண்டு சர்வதேச டேக்வாண்டோ சம்மேளனத்தைச் சியோலில் நிறுவினார். கொரிய ஆசிரியர்கள் பலர் பயண மூட்டையும் வெள்ளைச் சீருடையுமாகத் திசைதோறும் சென்றனர். ஜூன் ரீ அமெரிக்காவிலும், ரீ கி ஹா பிரிட்டனிலும் பள்ளிகள் அமைத்தனர். மொழி தெரியாத ஊரில், உதையும் எண்ணும் மட்டுமே மொழியாகக் கொண்டு அவர்கள் மாணவர்களைத் திரட்டினர்.

உள்நாட்டில் நிலைமை மோசமாயிற்று. கலையைத் தன் கைக்குள் கொண்டுவர அரசு விரும்பியது; சோய் இணங்கவில்லை. 1972-இல், ஐம்பத்து மூன்றாம் வயதில், அவர் நாட்டை விட்டு வெளியேறிக் கனடாவின் டொராண்டோ நகரில் குடியேறினார். சம்மேளனத்தின் தலைமையகமும் அவரோடு பெயர்ந்தது. மறு ஆண்டே சியோலில் கிம் உன் யோங் தலைமையில் உலக டேக்வாண்டோ சம்மேளனம் என்ற வேறோர் அமைப்பு எழுந்தது. வேறு தொடர்கள், வேறு போட்டி விதிகள். பெயர் மட்டும் ஒன்றே. அரசின் துணையும் அந்த அமைப்புக்கே கிட்டியது. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் காட்சி ஆட்டமாகவும், 2000-இல் சிட்னியில் முழுப் பதக்க ஆட்டமாகவும் இடம்பெற்றது அவ்வமைப்பின் டேக்வாண்டோவே. பெயரைப் பரப்பியவர் வெளியே நின்றார்.

இந்நிலையில்தான் அவர் பெரும் விலை கொடுத்தார். 1980-இல் தம் குழுவோடு வடகொரியா சென்றார். தெற்கில் அது துரோகமாகக் கருதப்பட்டது. பிறந்த ஊர் அங்கே இருந்தது என்பதை நினைத்தால் நம் மனம் இளகும். கலையைப் பரப்ப ஓர் அரசின் ஆதரவு வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஆனால் விலை பயணத்தோடு நிற்கவில்லை. 24 தொடர்களுள் ஒன்றுக்குக் ‘கோ டாங்’ என்று பெயர். அது சோ மான் சிக் என்னும் தேசபக்தரின் புனைபெயர். ஜப்பானியரை எதிர்த்து நின்ற அப்பெரியவர், விடுதலைக்குப் பின் வடக்கே புதிய ஆட்சியினருக்குப் பணியாததால் காவலில் வைக்கப்பட்டார். பின்னர் அவர் வெளிவரவே இல்லை. 1980-களில் சோய் அத்தொடரை நீக்கிவிட்டு ‘ஜூச்சே’ என்ற புதிய தொடரை அமைத்தார். ஜூச்சே என்பது வடகொரிய அரசின் கொள்கைப் பெயர்.

என்னால் ஒப்ப முடியாத இடம் இதுவே. நாட்டை இழந்தார்; பொறுத்தார். பதவியை இழந்தார், பொறுத்தார். எந்த நினைவைக் காப்பதற்காகக் கலையைச் சுமந்துகொண்டு கடல் கடந்தாரோ, அந்த நினைவிலிருந்தே ஒரு பெயரைத் தம் கையால் அழித்தாரே! ஆதரவு தந்த அரசு அதைக் கேட்டுப் பெற்றதா, அவரே முன்வந்து கொடுத்தாரா என்பது நமக்கு முக்கியமன்று. ஒரு தியாகியைச் சிறைப்படுத்தியவர்களின் கொள்கை, அத்தியாகியின் இடத்தில் வந்து அமர்ந்தது.

ஆயினும் அவருடைய உழைப்பை மறுப்பதற்கில்லை. 1983-இல் 15 தொகுதிகள் கொண்ட டேக்வாண்டோ கலைக்களஞ்சியத்தை வெளியிட்டார். 1985-இல் தலைமையகத்தை வியன்னாவுக்கு மாற்றினார். எண்பது வயது கடந்தும் நாடு நாடாகச் சென்று பயிற்சி வகுப்புகள் நடத்தினார். 2002 ஜூன் 15-ஆம் நாள் பியோங்யாங்கில் புற்றுநோயால் மறைந்தார். அவருக்குப் பின் சம்மேளனம் மூன்றாகப் பிரிந்தது. ஒன்றுபடுதல் என்று கடைசித் தொடருக்குப் பெயரிட்டவரின் அமைப்புக்கு இக்கதி! ஆனால் 2018 பிப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின்போது, வடக்கின் குழுவும் தெற்கின் குழுவும் ஒரே அரங்கில் டேக்வாண்டோ நிகழ்த்தின. அதைக் காண அவர் இல்லை.

நம் சங்கத்தில் இவ்வாண்டு பட்டம் பெறுவோர் சிலர் வெளிநாடு செல்ல ஆயத்தமாகின்றனர். நானும் விண்ணப்பங்கள் அனுப்பியிருக்கிறேன். நாம் சுமந்து செல்வது மொழியாகவோ இசையாகவோ விஞ்ஞானமாகவோ இருக்கலாம். போகுமிடத்தில் மேடை வேண்டும், பொருள் வேண்டும், ஆதரவு வேண்டும். அவற்றைத் தருபவர் ஒருநாள் ஏதேனும் ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொல்லுவர். எதை விடலாம், எதை விடலாகாது என்பதை இங்கிருந்து புறப்படுமுன்பே ஒவ்வொருவரும் முடிவு செய்துகொள்வது நன்று. அங்கே போனபின் முடிவு செய்வது கடினம் என்பதற்குச் சோயின் வாழ்வே சான்று.

இன்னும் ஒரு செய்தி உண்டு. சோய் நீக்கிய ‘கோ டாங்’ தொடர் அழிந்துபோகவில்லை. அவரிடமும் அவர் மாணவரிடமும் முன்பே கற்றுக்கொண்ட ஆசிரியர் சிலர், பிற நாடுகளில், அதைத் தொடர்ந்து பயிற்றி வருகின்றனர். அதில் 39 அசைவுகள். சோ மான் சிக்கின் பிறப்பிடம் 39-ஆம் அட்சரேகையில் இருப்பதை அவ்வெண் குறிக்கும். அந்த ஊரை ஒருபோதும் காணாதவர்கள் இன்றும் அந்த 39-ஐயும் பிழையின்றிச் செய்கிறார்கள்.