நாட்குறிப்பே தோழியாக…

தேர்வு நெருங்கினால் நமக்கு நெஞ்சு படபடக்கிறது. இரவில் விளக்கு அணைந்தால் அம்மாவைத் தேடுகிறோம். ஈராண்டுக் காலம் உயிருக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்த ஒரு சிறுமி தன் அச்சத்தை எவ்வாறு தாங்கினாள் என்று அறிவோமா?

ஆன் பிராங்க் 1929ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தாள். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வரவே, அக்குடும்பம் ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1940இல் ஹிட்லரின் படை அங்கும் நுழைந்தது.

1942இல், 13ஆம் பிறந்தநாளன்று, கட்டம் போட்ட அட்டையுள்ள ஏடு ஒன்று ஆனுக்குப் பரிசாகக் கிடைத்தது. அடுத்த மாதமே அவளுடைய அக்காள் மார்கட்டை ஜெர்மனியில் கட்டாய வேலைக்கு வரும்படி அரசு ஆணை வந்தது. மறுநாள் காலை, ஜூலை 6ஆம் நாள், குடும்பம் முழுவதும் தந்தையின் அலுவலகப் பின்கட்டில் ஒளிந்துகொண்டது. பின்னர் வேறு நால்வரும் வந்து சேர்ந்தனர்.

பகலில் உரக்கப் பேசவும் கூடாது. ஓசைபட நடக்கவும் கூடாது. இரவிலோ விமானங்களின் இரைச்சலும் பீரங்கி முழக்கமும் கேட்கும். ஆன் நடுங்கித் தந்தையின் படுக்கைக்கு ஓடுவாள். மனக்கலக்கம் தணிய மாத்திரையும் உட்கொண்டாள்.

ஆனால் அவள் பெரிதும் நாடியது தன் ஏட்டைத்தான். அதைக் கிட்டி என்னும் தோழியாகக் கருதிக் கடிதம் கடிதமாக எழுதினாள். கள்வர் புகுந்த இரவின் திகிலையும், தாயிடம் கொண்ட கோபத்தையும், எதிர்காலக் கனவுகளையும் ஒளிவின்றி எழுதினாள். பின்னொரு நாள் பழைய பக்கங்களைப் படித்து, தாயைப் பற்றி எழுதியவற்றுக்காகத் தானே வெட்கினாள். எழுதி வைத்ததால் அன்றோ தன் மனத்தைத் தானே காண முடிந்தது!

1944 ஆகஸ்டு 4ஆம் நாள் எட்டுப் பேரும் பிடிபட்டனர். 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பெர்கன்-பெல்சன் முகாமில், 15 வயதில் ஆன் இறந்தாள். எண்மரில் தந்தை ஓட்டோ மட்டுமே உயிருடன் திரும்பினார். அவர்களுக்கு உதவிவந்த மீப் கீஸ் என்னும் பெண்மணி பத்திரப்படுத்திய ஏடுகளை அவரிடம் கொடுத்தார். 1947இல் அது நூலாயிற்று.

எழுத்து அவள் உயிரைக் காக்கவில்லை. அதை நாம் மறைக்கலாகாது. எனினும் அந்த இருண்ட அறைகளில் அவள் உள்ளம் ஒடிந்துவிடாமல் தாங்கியது எழுத்தே.

தோழியரே, அச்சம் பெயரில்லாமல் நெஞ்சுக்குள் கிடக்கும்வரை பெருகும். இன்றிரவு படுக்குமுன் ஒரு தாளை எடுப்போம். எதற்கு அஞ்சுகிறோம் என்று உள்ளபடி எழுதுவோம். எழுதியும் ஆறாததைப் பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ மனம் திறந்து சொல்வோம். அந்தச் சொற்களும் எழுதும்போதே நமக்குக் கிடைத்துவிடும்.