திருமலையில் ஒளி ஏற்றிய குந்தவைப் பிராட்டியார்

ஆரணிக்கும் போளூருக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில், வடமாதிமங்கலத்தை அடுத்து உயர்ந்து நிற்கும் திருமலை, தொண்டை மண்டலத்துச் சமணப் பெருமக்களின் நெஞ்சில் நீங்கா இடம்பெற்ற திருத்தலமாகும். பட்டுத்தறி ஒலிக்கும் ஆரணிப் பகுதியிலிருந்தும் பெரணமல்லூர், வந்தவாசி வட்டாரத்து ஊர்களிலிருந்தும் நயினார் குடும்பங்கள் அம்மலையை நாடிச் செல்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். மலையில் பேருருவாய் நின்றருளும் நேமிநாதரை வணங்கி இறங்கி வருவோர், அடிவாரத்திலுள்ள குந்தவை சினாலயத்தையும் கண்டு தொழுகின்றனர். அப்பெயருக்குரிய பெருமாட்டியார் யார், சைவம் தழைத்த சோழர் குடியில் பிறந்த அவர் பெயர் அருகன் கோயிலுக்கு எவ்வாறு அமைந்தது என்பதை அறிய வேண்டுமானால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தென்னாட்டு அரசுகளிடையே நிலவிய பகையையும் உறவையும் முதலில் அறிதல் வேண்டும்.

பகை சூழ்ந்த காலம்

கி.பி. 949ஆம் ஆண்டு தக்கோலத்தில் நடைபெற்ற போர் சோழர் வரலாற்றில் பெரும் இடியாக இறங்கியது. முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன், யானைமீது அமர்ந்து போரிட்ட நிலையிலேயே கங்க மன்னன் பூதுகனால் கொல்லப்பட்டான். பூதுகன், இராட்டிரகூடப் பேரரசன் மூன்றாம் கிருட்டிணனின் உறவினன். அவனுக்குத் துணையாக வந்தவன். அப்போருக்குப் பின் தொண்டை மண்டலத்தின் பெரும்பகுதி சோழர் கையைவிட்டுச் சென்றது. கிருட்டிணன் கச்சியையும் தஞ்சையையும் கொண்டவன் எனத் தன்னைக் கூறிக்கொண்டான். அவனுடைய ஆட்சியாண்டுகளைக் குறிக்கும் கல்வெட்டுகள் இம்மண்டலத்துக் கோயில்கள் பலவற்றில் இன்றும் காணப்படுகின்றன.

வடக்கே இந்நிலை. தெற்கே பாண்டிய நாட்டில் வீரபாண்டியன் மீண்டும் தலைதூக்கினான். அவனுக்கு ஈழ மன்னன் துணை நின்றான். பாண்டியர் தம் மணிமுடியையும் குலச்சின்னங்களையும் முன்னரே ஈழத்தில் அடைக்கலமாக வைத்திருந்தனர். மேற்கே சேரர், பாண்டியரோடு நட்புப் பூண்டிருந்தனர். இவ்வாறு நாற்புறமும் பகை சூழ்ந்த காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சுந்தர சோழருக்கும் வானவன் மாதேவியாருக்கும் மகளாகப் பிறந்தவரே குந்தவைப் பிராட்டியார். தக்கோலத்தில் வீழ்ந்த இராசாதித்தன், இவருடைய பாட்டனார் அரிஞ்சயனின் தமையன் ஆவான்.

குடும்பத்தில் நேர்ந்த துயர்

குந்தவையாருக்குத் தமையன் ஆதித்த கரிகாலன், தம்பி அருண்மொழி. ஆதித்தன் இளமையிலேயே சேவூர்ப் போரில் வீரம் காட்டி, வீரபாண்டியனை வென்று புகழ் பெற்றான். சுந்தர சோழர் ஈழத்திற்கும் ஒரு படையை அனுப்பினார். அப்படையை நடத்திச் சென்ற கொடும்பாளூர்ச் சிறிய வேளார் ஈழத்துப் போர்க்களத்திலேயே உயிர் நீத்தார். தெற்கில் கிடைத்த வெற்றி முழுமையாகவில்லை.

அதன்பின் அடுத்தடுத்துத் துயரங்கள் வந்தன. ஆதித்த கரிகாலன் சூழ்ச்சியால் கொல்லப்பட்டான். சுந்தர சோழர் காஞ்சியிலிருந்த பொன்மாளிகையில் உயிர் துறந்தார். அன்னையார் வானவன் மாதேவியார் கணவரோடு தீயிற் புகுந்தார். இச்செய்தியைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு உருக்கமாகக் குறிக்கிறது. தந்தை, தாய், தமையன் ஆகிய மூவரையும் இழந்த பிராட்டியார், தம்பி அருண்மொழியோடு அரண்மனையில் எஞ்சி நின்றார். அரியணையில் கண்டராதித்தரின் மகன் உத்தம சோழன் அமர்ந்தான். உள்நாட்டுப் போர் மூளக்கூடிய அந்த வேளையில், அருண்மொழி உரிமை கோரிக் கிளர்ந்தெழாமல், சிறிய தந்தையின் ஆட்சி முடியும்வரை காத்திருந்தார். சுற்றிலும் பகைவர் இருக்கையில் குடிக்குள் பிளவு ஏற்படாமற் காத்த அப்பொறுமையே பிற்காலச் சோழப் பேரரசின் அடித்தளம் எனலாம்.

கி.பி. 985இல் அருண்மொழி, இராசராசன் என்னும் பெயருடன் முடிசூடினார். அவருடைய இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்தனைக் கொன்ற குற்றத்திற்கு ஆளான சோமன், இரவிதாசன் முதலியோரின் உடைமைகளும் உறவினர் உடைமைகளும் பறிமுதல் செய்யப்பட்டதைக் கூறுகிறது.

தமக்கையாரின் சிறப்பு

குந்தவையாரின் கணவர் வல்லவரையர் வந்தியதேவர். கல்கியின் பொன்னியின் செல்வன் புதினத்தால் இவ்விருவர் பெயரும் தமிழர் இல்லந்தோறும் அறிமுகமாகியுள்ளன. ஆயினும் புதினம் காட்டும் இளமைக் காலத்தைவிடக் கல்வெட்டுகள் காட்டும் முதுமைக் காலமே பிராட்டியாரின் உண்மையான பெருமையைக் காட்டுவதாகும்.

மணமான பின்னரும் அவர் தம் பிறந்த குடியின் தலைநகரிலேயே செல்வாக்குடன் வாழ்ந்தார். தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிக்கப்பட்டபோது, அதற்கு வழங்கப்பட்ட கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு இராசராசன் ஆணையிட்டார். அவ்வாணையில் தாம் கொடுத்தவற்றை அடுத்துத் தம் தமக்கையார் கொடுத்தவற்றையே வைத்தார்; அரசியர் கொடைகள் அதன் பின்னரே இடம்பெற்றன. பேரரசர் ஒருவர் தம் தமக்கையாருக்கு அளித்த மதிப்பிற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அக்கோயிலில் தம் தந்தையாருக்கும் தாயாருக்கும் படிமங்களை எடுப்பித்து வழிபாட்டிற்கு வகை செய்தவரும் குந்தவையாரே. தந்தையின் பெயரால் தஞ்சையில் அமைந்த ஆதுலர் சாலைக்கு மருத்துவக் காணியாக நிலம் அளித்து, நோயாளர்க்கு மருந்து கிடைக்கச் செய்தார். சமணர் போற்றும் நால்வகைத் தானங்களுள் ஒன்றாகிய ஔடத தானம் அவ்வறத்தில் விளங்குகிறது.

எல்லை மண்ணில் எழுந்த அறம்

திண்டிவனத்திற்கு அருகிலுள்ள தாதாபுரம், அக்காலத்தில் இராசராசபுரம் எனப்பட்டது. அவ்வூரில் பிராட்டியார் மூன்று கோயில்களை எழுப்பினார். ஒன்று இரவிகுல மாணிக்க ஈச்சுரம் என்னும் சிவன் கோயில். மற்றொன்று குந்தவை விண்ணகர் என்னும் திருமால் கோயில். மூன்றாவது குந்தவை சினாலயம். ஓர் அரசமாதேவியார் ஒரே ஊரில் மூன்று சமயத்தார்க்கும் கோயில் எடுத்து, மூன்றிற்கும் பொன்னும் வெள்ளியும் கலங்களும் விளக்குகளும் ஈந்தது எண்ணி மகிழத்தக்கது. அங்கிருந்த சினாலயம் காலவெள்ளத்தில் மறைந்தது. திருமலையிலுள்ள சினாலயம் அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

இவ்விரண்டு ஊர்களும் அமைந்திருக்கும் இடத்தை நோக்குதல் வேண்டும். இரண்டும் தக்கோலப் போருக்குப் பின் இராட்டிரகூடர் கைப்பட்டு, பின்னர்ச் சோழர் மீட்ட வடபகுதியைச் சேர்ந்தவை. பிராட்டியாரின் குடியை வீழ்த்திய பகைவர்களோ சமணத்தின் பெரும் புரவலர்கள். பூதுகனின் கங்க நாட்டிலேதான், கங்க அமைச்சர் சாமுண்டராயர் சிரவணபெளகொளத்தில் கோமடேசுவரர் திருவுருவை எழுப்பினார். இராட்டிரகூடக் குடியின் இறுதி இளவரசன் நான்காம் இந்திரன் 982இல் அதே தலத்தில் சல்லேகனை நோற்று உயிர் நீத்தான். பகைவர் போற்றிய சமயம் என்று கருதி, மீட்ட நிலத்திலிருந்த சமணப் பள்ளிகளைப் புறக்கணிப்பது அக்காலத்து அரசியலில் எளிதாகவே நடந்திருக்கக்கூடும். குந்தவையார் அவ்வழியை மேற்கொள்ளவில்லை. நாட்டோடு கொண்ட பகையைச் சமயத்தோடு கொண்ட பகையாக அவர் ஆக்கிக்கொள்ளவில்லை. எல்லைப் பகுதியில் வாழ்ந்த சமணக் குடிகள், ஆட்சி மாறினாலும் தமக்கு ஊறு நேராது என்று உணர்ந்து அமைதியுற அவர் பெயர் தாங்கிய சினாலயமே போதுமானதாக இருந்திருக்கும்.

இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், குணவீர மாமுனிவர் திருமலை அடிவாரத்து வைகாவூரில் தம் ஆசிரியர் பெயரால் ஏரிக்கு மதகு அமைத்ததை அவ்வூர்க் கல்வெட்டு கூறுகிறது. உழவர்க்கு நீர் கொடுத்த முனிவரும் கோயில் கொடுத்த பிராட்டியாரும் ஒரே காலத்தவர் என்பது இப்பகுதி மக்கள் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியாகும்.

மாறிய அரசியல் நிலை

பிராட்டியார் காலத்திலேயே தென்னாட்டின் ஆற்றல் சமநிலை முற்றிலும் மாறியது. 973இல் இராட்டிரகூடர் ஆட்சி வீழ்ந்து, மேலைச் சாளுக்கியர் எழுந்தனர். பழைய பகைவன் மறைந்தான். புதிய பகைவன் தோன்றினான். இராசராசன் காந்தளூர்ச்சாலையில் சேரரை வென்றார். ஈழத்தின் மீது படையெடுத்து அநுராதபுரத்தை வீழ்த்தி, பொலன்னறுவையைத் தம் ஆட்சியின் நிலைக்களமாக்கினார். கங்கபாடியும் நுளம்பபாடியும் சோழர் வசமாயின.

கிருட்டிணை, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட வேங்கி நாடு, சோழர்க்கும் மேலைச் சாளுக்கியர்க்கும் நெடுநாள் போட்டிக் களமாக விளங்கியது. அதனை வாளால் மட்டும் பிடித்து வைத்தல் இயலாதென உணர்ந்த இராசராசன், மண உறவை நாடினார். தம் தமக்கையாரின் பெயரையே சூட்டி வளர்த்த மகள் இளைய குந்தவையை வேங்கி இளவரசன் விமலாதித்தனுக்கு மணம் செய்வித்தார். விமலாதித்தன், திரிகாலயோகி சித்தாந்ததேவர் என்னும் சமணத் துறவியைக் குருவாகக் கொண்டவன் என்பதை இராமதீர்த்தக் கல்வெட்டால் அறிகிறோம். இம்மணத்தின் வழித்தோன்றலே, 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். இரு நாடுகளையும் ஒன்றாக்கிய ஆற்றல் போருக்கு இல்லை, அவ்வுறவிற்கே இருந்தது.

கடல் கடந்த உறவும் அவ்வாறே மாறியது. சீவிசய மன்னன் நாகப்பட்டினத்தில் எடுத்த சூடாமணி விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலத்தை இறையிலியாக அளித்தார். இருபது ஆண்டுகள் கழியுமுன், 1025இல், இராசேந்திரனின் கப்பற்படை அதே சீவிசயத்தின் கடாரத்தைத் தாக்கியது. நேற்றைய நண்பன் இன்றைய பகைவனாவதும், இன்றைய பகைவன் நாளைய சுற்றத்தானாவதும் அரசியலின் இயல்பாக இருந்தன.

போரின் கொடுமை ஒருபுறத்தார்க்கு மட்டும் உரியதன்று. 1007ஆம் ஆண்டைச் சேர்ந்த மேலைச் சாளுக்கியரின் ஓட்டூர்க் கல்வெட்டு, சோழர் படை நாட்டைச் சூறையாடி, பெண்டிரையும் குழந்தைகளையும் துன்புறுத்தியதாகக் குற்றம் சாட்டுகிறது. பிற்காலத்தில், குந்தவையாரின் தம்பி வழிவந்த சோழரே, கங்கர் எடுப்பித்த சினாலயங்களைக் கன்னட நாட்டில் தீக்கிரையாக்கியதாகக் கவர்வாட்டுக் கல்வெட்டு உரைக்கிறது. பகைவர் எழுதியவை ஆதலின் மிகை இருக்கலாம்; எனினும் ஒதுக்கிவிடத் தக்கவை அல்ல. ஒரே குடியைச் சேர்ந்தோருள் ஒருவர் சினாலயம் கட்டினார். பின்வந்தோர் சினாலயத்தை எரித்ததாகப் பழி சுமந்தனர். ஆட்சிப் பரப்பு பெருகும்போது அறம் குன்றாமற் காப்பது எத்துணை அரிது என்பதை இது காட்டுகிறது. குந்தவையாரின் செயல் அதனாலேயே மேலும் உயர்ந்து தோன்றுகிறது.

ஒரே பாறையில் இரு செய்திகள்

இராசராசன் 1014இல் மறைந்தபின், அவர் மகன் இராசேந்திரனின் ஆட்சித் தொடக்கத்திலும் பிராட்டியார் பழையாறை அரண்மனையில் இருந்தவாறு அறம் செய்து வந்தார். அத்தையாரின் அன்பில் வளர்ந்த இராசேந்திரன், தந்தையினும் விரிந்த எல்லையை ஆண்டான். ஈழத்தில் அடைக்கலமாக இருந்த பாண்டியர் முடியைக் கைப்பற்றினான். அவன் படை கங்கை வரை சென்று மீண்டது.

அவ்வெற்றிகள் அனைத்தையும் வரிசையாகக் கூறும் கல்வெட்டு ஒன்று திருமலை அடிவாரப் பாறையில் உள்ளது. வனவாசி, ஈழம், கேரளம், சக்கரக்கோட்டம், ஒட்டவிசயம், கோசலம், வங்காளம் எனப் பல நாடுகளும், தோற்ற மன்னர் பலரும் அதில் இடம்பெறுகின்றனர். ஏறத்தாழ 1024–25ஐச் சேர்ந்த அக்கல்வெட்டை வரலாற்றாய்வாளர் போற்றுவது அப்பட்டியலுக்காகவே.

ஆனால் அக்கல்வெட்டு வெட்டப்பட்டது அப்பட்டியலுக்காக அன்று. பெரும்பாணப்பாடிக் கரைவழி மல்லியூரில் வாழ்ந்த நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவியார் சாமுண்டப்பை, வைகாவூர்த் திருமலையிலுள்ள குந்தவை சினாலயத்திற்கு ஒரு நந்தா விளக்கெரிக்க 20 காசும், திருவமுதிற்கு 10 காசும் கொடுத்தார். அச்சிறு கொடையைப் பதிவு செய்யவே அக்கல் எழுந்தது. பேரரசனின் நீண்ட வெற்றிப் புகழ் அதற்கு முன்னுரையாக அமைந்தது.

இன்று அப்பாறையிற் குறிக்கப்பட்ட அரசுகளில் ஒன்றும் இல்லை. வென்றவர் பேரரசும் இல்லை. தோற்றவர் முடியும் இல்லை. ஒரு வணிகர் மனைவி விளக்கேற்றிய சினாலயம் நிற்கிறது. அதற்குத் தம் பெயரைத் தந்த பிராட்டியாரின் புகழும் நிற்கிறது. திருவிழாக் காலங்களில் திருமலை ஏறும் அன்பர்கள், நேமிநாதர் திருவடியைத் தொழுதபின், பகைக்கு நடுவே அறத்தைப் பேணிய அப்பெருமாட்டியாரையும் நினைந்து, அச்சினாலயத்தில் ஒரு விளக்கேற்றி வருவார்களாக.