மூன்று முறை தட்டிய கதவு

நம்ம மாதவரத்துல யாருக்காவது பெரிய வியாதின்னா வேலூருக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்வாங்க இல்லையா? அந்த சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடருக்கு முதல்ல நம்ம நாட்டில் இருக்கவே இஷ்டமில்லை!

1870ல் இராணிப்பேட்டையில் பிறந்தார். அப்பா மிஷனரி டாக்டர். அமெரிக்காவில் படித்த ஐடா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு திண்டிவனம் வந்தார். சீக்கிரம் திரும்பிவிடத்தான் எண்ணம். ஒரு ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவத்தில் ஆபத்து. அப்பா இருக்கிறாரே என்றார் ஐடா. ஆண் டாக்டர் கூடாது என்று போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அமெரிக்கா போய் டாக்டராகித் திரும்பினார். 1900ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பம். அப்புறம் கிராமங்களுக்கும் போனார், முதலில் மாட்டு வண்டி, பிறகு கார். ஊரே ஒதுக்கிய தொழுநோயாளிகளுக்கும் சாலையோர மரத்தடியில் மருந்து போட்டார். இயேசுவும் அவங்களைத் தொட்டவர்தானே! மனசு மாறியது ஒரே ராத்திரியில். இயேசுவைப் போல வாழப் பழகியது இப்படி ஒவ்வொரு நாளும்தான்னு எனக்குத் தோணுது.

1918ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1922ல் முதல் அணியில் 14 பெண்கள் படிப்பை முடித்தார்கள். கல்யாணமே செய்துகொள்ளாத ஐடா, 1960ல் கொடைக்கானலில் காலமானார். வயது 89.