ஜிம் கிரே

ஒரு செயலைத் தொடங்குதல் எளிது. அதனைக் குறைவற முடித்தலே அரிது. இடையூறு நேர்ந்து அரைகுறையாய் நின்ற செயல், தொடங்காத செயலினும் மிக்க தீங்கு பயப்பதாகும். மாந்தர் யாவரும் அறிந்த இவ்வுண்மையைக் கணினிகட்கும் விதியாக வகுத்து, உலகத்தாரின் கொடுக்கல் வாங்கல்கள் வழுவாது நடைபெற வழிசெய்த அறிஞருள் தலைசிறந்தவர் ஜிம் கிரே என்பவர். அவர்தம் வரலாற்றை நம் கல்லூரி மாணவர்க்கு ஒருவாறு சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அவர் பணியின் அருமையை உணர நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பொத்தேரி ரயில் நிலையத்தில் நிற்கும் மாணவர் ஒருவர் தம் கைப்பேசி வாயிலாகத் தாம்பரத்திற்குச் சீட்டு வாங்குகின்றார் என்று கொள்வோம். அவர் பணம் இருப்பது வங்கியின் கணினியில். சீட்டைப் பதிவு செய்வது ரயில்வேயின் கணினி. வங்கிக் கணக்கிற் பணம் கழிக்கப்பட்டுச் சீட்டு இன்னும் பதிவாகாத அந்நொடியில் இடையிலுள்ள தொடர்பு அறுந்துபோமாயின், அவர் பணமும் இழந்து சீட்டும் இன்றி நிற்பார். ஆதலின், இரண்டும் நிகழ்தல் வேண்டும். அன்றேல் இரண்டும் நிகழாதிருத்தல் வேண்டும். உரிமையாளர் வேறாகிய இடங்களில், கழித்த பணத்தைப் பின்னர்த் திருப்பித் தருவதும் இந்நெறி பற்றியதே. இங்ஙனம் கூறுபடுத்த வொண்ணாத செயற்றொகுதியைக் கணினி நூலார் பரிவர்த்தனை என்பர்.

கிரே 1944-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் சான் பிரான்சிஸ்கோ நகரிற் பிறந்தார். இவர் தாயார் ஆசிரியத் தொழில் செய்தவர். பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1966-ல் இளநிலைப் பட்டமும், 1969-ல் கணினியியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோஸே ஆராய்ச்சிக் கூடத்திற் சேர்ந்து, சிஸ்டம் ஆர் என்னும் தரவுத்தளத்தை ஆக்கியோருள் ஒருவரானார். ஒரே கணக்கை ஒரே நேரத்தில் பலர் திருத்தப் புகின் விளையும் குழப்பத்தை எங்ஙனம் தவிர்ப்பது என்பதே அவர் எதிர்கொண்ட முதல் வினா. கபாலி ஈஸ்வரன், லோரி, டிரெய்கர் ஆகியோருடன் 1976-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விடை கண்டார். ஒரு பரிவர்த்தனை தான் தொடும் பதிவுகளைப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பூட்டைத் திறந்தபின் வேறொன்றைப் பூட்டலாகாது. இவ்விதியைக் கடைப்பிடிப்பின், பலர் ஒருங்கு செய்த வேலையும் ஒருவர்பின் ஒருவராய்ச் செய்தது போன்றே முடியும்.

இரண்டாவது வினா, கணினி இடையில் வீழ்ந்தால் என் செய்வது என்பது. கணக்கேட்டைத் திருத்துமுன், பழைய தொகை இது, புதிய தொகை இது என்று தனிக் குறிப்பேட்டில் எழுதி வைத்தலே இதற்கு மருந்து. மீண்டெழுந்த கணினி அக்குறிப்பேட்டைப் படித்து, முடிந்த பரிவர்த்தனைகளை நிலைநிறுத்தி, முடியாதவற்றின் சுவடுகளை நீக்கிவிடும். இம்முறையைக் கிரே விலகிய பின் அதே நிறுவனத்திற் சேர்ந்து பெரிதும் செப்பஞ்செய்தவர் தமிழ்நாட்டினரும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்றவருமாகிய சி. மோகன். அவரும் உடனுழைத்தோரும் 1992-ல் வெளியிட்ட ஏரீஸ் என்னும் மீட்பு முறை உலகெங்கும் கையாளப் பெறுவது நமக்குப் பெருமை தருவதாகும்.

நிற்க, கணினிகள் பலவாகி வெவ்வேறிடங்களில் இருப்பின் இடர்ப்பாடு பன்மடங்காகும். ஒன்று செய்து முடித்ததை மற்றொன்று எவ்வாறு அறியும்? கிரே 1978-ல் எழுதிய குறிப்புக்களில் இதற்குரிய இருகட்ட முறையைத் தெளிவுற விளக்கினார். வேறு சிலரும் அக்காலத்தில் இம்முறையைக் கண்டிருந்தனராயினும், அதனைச் செவ்விதின் நிலைநாட்டிய பெருமை இவரைச் சாரும். முதற்கட்டத்தில் தலைமைக் கணினி ஏனையவற்றை நோக்கி ஆயத்தமோ என்று வினவும். ஆயத்தம் என்று விடையிறுத்த கணினி அதனைத் தன் குறிப்பேட்டில் எழுதி, பின்வாங்கும் உரிமையை இழந்துவிடும். எல்லாரும் உடன்பட்டால் தலைமைக் கணினி முடிவை எழுதி, இரண்டாங் கட்டத்தில் யாவர்க்கும் அறிவிக்கும். ஒருவர் மறுப்பினும் யாவும் கைவிடப்படும். மணமக்கள் இருவரையும் தனித்தனியே உடன்பாடு கேட்டு, அதன்பின் மணம் நிறைவேறியதென்று குருவானவர் அறிவிக்கும் திருமணச் சடங்கிற்கு இதனை அவர் ஒப்பிட்டார்.

இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. ஆயத்தம் என்று சொன்ன கணினி முடிவை அறியுமுன் தலைமைக் கணினி வாய் மூடிப்போனால், அது முன்னும் செல்லலாகாது, பின்னும் செல்லலாகாது; பூட்டிய பதிவுகளுடன் ஐயத்திற் காத்திருத்தல் வேண்டும். இக்குறையைக் கிரே மறந்தாரல்லர். ஏறத்தாழ முப்பதாண்டு கழித்து, 2006-ல், லெஸ்லி லம்போர்ட்டுடன் எழுதிய கட்டுரையில், முடிவை ஒருவரிடம் மட்டும் வையாது பலரிடம் வைத்து, பெரும்பான்மையோர் உயிருடன் இருப்பின் வேலை தடைப்படாதவாறு செய்யும் வழியைக் காட்டினார்.

1980-ல் டாண்டம் நிறுவனத்திற்குச் சென்ற அவர், கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்று ஆராய்ந்து 1985-ல் வெளியிட்டார். பொறியின் பழுதினும், அதனை ஆள்வோரின் தவறும் நிரலின் பிழையுமே மிக்க காரணம் எனக் கண்டார். அதே ஆண்டில், வங்கிக் கணக்கில் வரவு செலவு எழுதும் விரைவைக் கொண்டு கணினிகளை அளக்கும் முறையைப் பலர் கருத்தையும் திரட்டி எழுதி, ஆசிரியர் பெயரின்றியே அச்சிடச் செய்தார். ஆண்ட்ரியாஸ் ராய்ட்டருடன் அவர் எழுதிய பெருநூல் இத்துறைக்கு இன்றும் ஆதாரமாய் நிற்கின்றது. 1998-ஆம் ஆண்டுக்குரிய டூரிங் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. பிற்காலத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனத்திலிருந்து, வானநூலாரின் விண்மீன் பதிவுகளை யாவரும் காணும்படி அமைத்துத் தந்தார்.

2007-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள், மறைந்த தம் தாயாரின் சாம்பலைக் கடலிற் கரைப்பதற்காகக் கிரே தம் பாய்மரப் படகில் தனியே பேரலான் தீவுகளை நோக்கிச் சென்றார், திரும்பவில்லை. கடற்காவற் படையினர் பன்னாள் தேடினர். நண்பர்கள் விண்கோள்களின் படங்களைப் பெற, முகமறியா ஆயிரக்கணக்கானோர் இணையவழி அவற்றைத் துருவி ஆராய்ந்தனர். படகின் சிறு துண்டும் அகப்படவில்லை. 2012-ல்தான் அவர் இறந்தவராகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டார். அதுகாறும் அவருடைய மனைவியும் மகளும் நண்பரும் துக்கம் காக்கவும் இயலாது, நம்பிக்கை கொள்ளவும் இயலாது ஐந்தாண்டு இருந்தனர். முடிவு தெரியாது காத்திருத்தலின் கொடுமையைப் பொறிகட்கும் வாராமற் காக்க உழைத்தவரின் சுற்றத்தார்க்கே அது நேர்ந்தமை இரங்கத்தக்கது.

மாணவர்காள், இப்பெரியார் பொறிகட்கு வகுத்தவை மூன்று: செய்யுமுன் எழுதி வைத்தல், ஆயத்தம் என்று சொன்னபின் மாறாதிருத்தல், முடிக்க இயலாதாயின் பிறர்க்குத் தீங்கின்றி நீக்கிவிடுதல். நாளும் நாம் ஒரு சீட்டோ தொகையோ ஐயமின்றிப் பெறும்போதெல்லாம் அவர் உழைப்பின் பயனை நுகர்கின்றோம். அவர் வகுத்த ஒழுங்கு நம் சொல்லிலும் செயலிலும் அமையுமாயின் அப்பயன் நிறைவுறும்.