வில்லியம் கேரி (1761 – 1834)

வில்லியம் கேரி 1761 ஓகஸ்ட் 17 ஆம் திகதி இங்கிலாந்தின் போலர்ஸ்பெரி என்னும் கிராமத்தில் பிறந்தார். சிறுவயதில் சப்பாத்துத் தைக்கும் தொழிலைப் பழகி, அதனாலேயே சீவனம் நடத்தினார். தொழில் செய்துகொண்டே இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைப் பெரும்பாலும் தாமாகவே கற்றார். பின்னர் பப்ரிஸ்ட் சபையின் போதகரானார். பிற நாடுகளுக்கு நற்செய்தியைக் கொண்டுசெல்வது திருச்சபையின் கடமை என அவர் இடைவிடாது வலியுறுத்தியதன் பயனாக 1792 இல் பப்ரிஸ்ட் மிஷனரிச் சங்கம் உருவாகியது. அடுத்த ஆண்டே குடும்பத்துடன் வங்காளத்தை அடைந்தார்.

ஆரம்ப ஆண்டுகள் துன்பம் நிறைந்தவை. கிழக்கிந்தியக் கம்பனி தனது ஆட்சிப் பகுதியில் மிஷனரிமாரை விரும்பவில்லை. கையிலிருந்த பணமும் விரைவில் தீர்ந்தது. 1794 இல் முட்னாபட்டி என்னுமிடத்தில் அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்றை நடத்தும் வேலையை ஏற்றார். அதே ஆண்டில் அவரது ஐந்து வயது மகன் பீற்றர் நோயுற்று இறந்தான். மனைவி டொரத்தி மனநோய்க்கு ஆளாகி, 1807 இல் இறக்கும்வரை குணமடையவில்லை. தாய்நாட்டை விட்டு வருவதற்கு அவர் முதலில் சம்மதித்திருக்கவில்லை என்பதையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். கேரியின் பணிக்கு அப்பெண் கொடுத்த விலை பெரிது.

ஏழு ஆண்டுகள் போதித்தும் வங்காளியர் ஒருவரேனும் ஞானஸ்நானம் பெறவில்லை. கேரி இக்காலத்தில் தமது சோர்வை நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதினார். ஆயினும் ஜெபத்தையும் மொழிபெயர்ப்பையும் கைவிடவில்லை. பலன் கொடுப்பது கடவுளின் செயல், உழைப்பதே தமது பங்கு என்று நம்பினார்.

1800 இல் டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த சேராம்பூருக்குச் சென்று, மார்ஷ்மன், வோர்ட் ஆகியோருடன் இணைந்தார். அவ்வாண்டு டிசெம்பர் 28 ஆம் திகதி கிருஷ்ண பால் என்னும் தச்சர் ஊக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். 1801 இல் வங்கமொழிப் புதிய ஏற்பாடு அச்சாகியது.

இதனிலும் பெரிய சோதனை 1812 மார்ச் 11 ஆம் திகதி மாலை நேர்ந்தது. சேராம்பூர் அச்சகம் தீப்பற்றி எரிந்தது. கடதாசிக் கட்டுகள், பல மொழிகளின் அச்செழுத்துகள், மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதிகள் யாவும் அழிந்தன. கேரி ஆண்டுக்கணக்காகத் தொகுத்துவந்த பன்மொழி அகராதியும் சாம்பலாகியது. அவர் அப்போது கல்கத்தாவில் இருந்தார்; மறுநாள் மார்ஷ்மன் நேரில் சென்று செய்தியைச் சொன்னார். திரும்பிவந்து சாம்பலைக் கண்ட கேரி கண்கலங்கினார். ஆனால், தாம் கடவுளின் கைகளில் இருப்பதை உணர்ந்து அமைதியடைய வேண்டும் என்பதையே அடுத்த ஞாயிறு ஆராதனையில் 46 ஆம் சங்கீதத்திலிருந்து பிரசங்கித்தார்.

அச்சு இயந்திரங்களும், எழுத்து வார்ப்பதற்கான அச்சுருக்களும் தப்பியிருந்தன. உருகிக் கிடந்த ஈயத்தை எடுத்து, தொழிலாளர் மீண்டும் எழுத்துகளை வார்த்தனர். சில மாதங்களில் அச்சுவேலை நடைபெறலாயிற்று. செய்தி இங்கிலாந்தை அடைந்ததும் அங்குள்ள சபைகள் சுமார் 10,000 பவுண் திரட்டின. எரிந்துபோன மொழிபெயர்ப்புகளை கேரி மறுபடியும் முதலிலிருந்து எழுதினார். முன்னையவற்றிலும் திருத்தமாக இவை அமையும் என்பது அவரது எண்ணமாயிருந்தது. பன்மொழி அகராதியை மட்டும் அவரால் மீண்டும் உருவாக்க முடியவில்லை.

1818 இல் சேராம்பூர்க் கல்லூரியை நிறுவினார். முதுமையிலும் வங்கமொழி வேதாகமத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1834 ஜூன் 9 ஆம் திகதி சேராம்பூரில் காலமானார். இந்தியாவுக்கு வந்தபின் அவர் ஒருமுறையேனும் இங்கிலாந்துக்குத் திரும்பிச் செல்லவில்லை.