அயர்லாந்து சிறையிலிருந்து மதனப்பள்ளி வரை: வாக்குரிமைக்குப் போராடிய மார்கரெட் கசின்ஸ்

ஸ்ரீ சிட்டி: தேசிய கீதத்தின் மெட்டை இசைக்குறிப்பாக எழுதியவர் என்றே ஒருங்கிணைந்த சித்தூர் மாவட்டத்தில் மார்கரெட் கசின்ஸ் பெரிதும் நினைவுகூரப்படுகிறார். இந்தியப் பெண்களின் வாக்குரிமைக்காக அவர் ஆற்றிய பணி அதனினும் பெரியது.

அயர்லாந்தின் ராஸ்காமன் பகுதியிலுள்ள பாயில் என்ற ஊரில் 1878 நவம்பர் 7-ஆம் தேதி பிறந்த மார்கரெட், டப்ளினில் இசை பயின்று பட்டம் பெற்றார். கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸை 1903-இல் மணந்தார். ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனுடன் இணைந்து 1908-இல் ஐரிஷ் மகளிர் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கினார். லண்டன் போராட்டத்தில் பங்கேற்றதற்காக 1910-இல் ஹாலோவே சிறையிலும், டப்ளின் கோட்டையின் சன்னல்களை உடைத்ததற்காக 1913-இல் டல்லமோர் சிறையிலும் அடைக்கப்பட்டார். அரசியல் கைதியாக நடத்தக் கோரி டல்லமோரில் உண்ணாவிரதமும் இருந்தார்.

அன்னி பெசன்ட்டின் அழைப்பை ஏற்று 1915-இல் தம்பதியர் இந்தியா வந்தனர். சென்னையில் சிறிது காலம் இருந்தபின் மதனப்பள்ளி தியாசாபிகல் கல்லூரியில் பணியாற்றினர். 1919 பிப்ரவரியில் அங்கு வந்து தங்கிய தாகூர், தமது ஜன கண மன பாடலைப் பாடிக் காட்டியதுடன் அதனை ஆங்கிலத்திலும் பெயர்த்தார். மெட்டுக்கு மார்கரெட் இசைக்குறிப்பு எழுதியது அப்போதுதான்.

அதற்கு முன்பே அவரது அரசியல் பணி தொடங்கிவிட்டது. 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவாக முன்னின்றார். அவ்வாண்டு டிசம்பரில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு சென்னை வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு அவரைச் சந்திக்க ஏற்பாடு செய்தவர் மார்கரெட்டே. தாய்நாட்டில் வாக்களிக்க வாய்க்காத ஒருவர் இங்கு அதனைக் கேட்டு நின்றார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆனால் 1919 சீர்திருத்தச் சட்டம் அந்த உரிமையை நேரடியாக வழங்காமல், முடிவை மாகாணச் சட்டமன்றங்களுக்கே விட்டது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் சென்னையே முதலாவதாக 1921-இல் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. எனினும் சொத்துத் தகுதி என்ற நிபந்தனை இருந்ததால், மிகச் சிலரே அதனால் பயன்பெற்றனர்.

இந்தியாவின் முதல் பெண் மாஜிஸ்திரேட்டாக 1922-இல் நியமிக்கப்பட்ட மார்கரெட், 1926 சென்னைச் சட்டமன்றத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாயாவைப் போட்டியிடத் தூண்டினார். கமலாதேவி சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 1927-இல் புனேயில் கூடிய முதல் அகில இந்திய மாதர் மாநாடும் மார்கரெட்டின் முயற்சியால் உருவானதே.

அவசரச் சட்டங்களைக் கண்டித்துப் பேசியதற்காக 1932-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, வேலூர் சிறையில் அடைக்கப்பட்டார். பின்னாளில் இந்தியப் பெண்களே போராட்டத்தை நடத்தும் நிலை வந்தபோது, தமது நேரடிப் பங்கேற்பு இனி விரும்பப்படவில்லை என்பதை உணர்ந்து ஒதுங்கினார். அவருக்கு அது எளிதாக இருக்கவில்லை.

1940-களில் பக்கவாதத்தால் முடங்கிய அவர், 1954 மார்ச் 11-ஆம் தேதி அடையாறில் காலமானார். கணவர் ஜேம்ஸ் 1956-இல் மதனப்பள்ளியில் மறைந்தார்.